பாலத்தில் வீசாத சாவி

என் அத்தானைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்றால், படம் பார்த்தவர்களுக்குப் பார்த்துத் தெரியும். பார்க்காதவர்களுக்குப் பார்த்தவர்கள் சொல்லித் தெரியும். மேஸ்திரி என்ற ரவுடியின் காரை ஓட்டியவர், ஆற்றுப் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தி, சாவியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்து, சோறு போட்டவரைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தவர். அந்தக் காட்சிக்கு சீட்டை விட்டு எழுந்து நின்று திட்டியவர்களை நானே பார்த்தேன். பாலத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அத்தான் இதைச் சொல்ல மாட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது, அதனால் நான் சொல்கிறேன்.

அவர் இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நான் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேல் மாடியில் அக்காவும் அத்தானும் அவர்களுடைய ஒரே மகளும் இருக்கிறார்கள். வேனுக்கு வேலையில்லாத நேரத்தில் கீழே வந்து என் ரெக்சின் சுருளின் மேல் உட்காருவார். உட்காருவார் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். கால் ஆடிக்கொண்டே இருக்கும், கை சாவிக்கொத்தைச் சுழற்றும், கண் தெருவில் போகிற வண்டிகளின் டயரையெல்லாம் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும். "நீங்க உக்காந்தா அந்த இடத்துக்கே ஜுரம் வந்துடும்" என்பாள் அக்கா. ஆனால் அடுத்தவனுக்குக் கெடுதல் வருகிற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஜன்னல் கண்ணாடியை உடைத்த தோழியின் பெயரைச் சொல்லாமல், அதற்குத் தண்டனையாக நாளெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு வந்தாள். அன்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவையே சுற்றி வந்தார். "கோள் சொல்றதுக்கு எம்பொண்ணுக்கு வாய் கிடையாது" என்று என் கடைக்கு வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

மேஸ்திரி ஒரு காலத்தில் உண்மையாகவே கட்டட மேஸ்திரியாக இருந்தவர். கட்டுவதைவிடக் கட்டுகிறவனை மிரட்டுவது சுலபம் என்று பிறகு கண்டுகொண்டார். நிலத்தை எழுதி வாங்குவது, ஆளைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்துவைப்பது, கை காலை முறிப்பது எல்லாம் உண்டு. படத்தில் காட்டுகிற மாதிரி ஏழைகளின் தோழன் எல்லாம் இல்லை. அத்தானும் அப்படிச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் அக்கா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். "வண்டி ஓட்டறவனுக்கு முன்னாடி இருக்கிற ரோடுதான் தெரியும், பின்சீட்டு தெரியாது" என்பார். அந்தப் பேச்சு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

மேஸ்திரி எப்படிப் பிடிபட்டார் என்பது எனக்கே வெகு பின்னால்தான் தெரிந்தது. கதை புரிய வேண்டுமே என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பல்வலி. கடைவாய்ப் பல் முழுக்கச் சொத்தை. ஊரையே நடுங்க வைத்த மனிதருக்கு ஊசி என்றால் நடுக்கம். டாக்டர் பக்கமே போகாமல் வருஷக்கணக்கில் சமாளித்திருக்கிறார். தலைமறைவாக இருந்த சமயம் பார்த்துக் கன்னம் வீங்கி, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அத்தான் பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். அங்கே காத்திருந்தவர்களில் ஒருவர் மஃப்டியில் இருந்த போலீஸ்காரர். அவருக்கும் பல்வலி. மேஸ்திரியை அடையாளம் கண்டு அவர் வெளியே ஓடியதைப் பார்த்த அத்தான் உள்ளே பாய்ந்தார். மேஸ்திரி கழுத்தில் துண்டோடும் வாயில் பஞ்சோடும் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். ஊசி போட்ட பயத்தில் கால் நிற்கவில்லை. மரத்துப்போன உதட்டிலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது. "நீ பின்பக்கமா போயிடு" என்று அரை வாயால் சொன்னாராம். "ஆனா இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதடா தம்பி."

அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். போலீஸோ ரகசியத் தகவல், சுற்றிவளைப்பு, துரத்தல் என்று அறிவித்தது. பல்வலிக்குப் போன இடத்தில் பார்த்தேன் என்றால் யார் பதக்கம் கொடுப்பார்கள்? பல் டாக்டரும் மூச்சு விடவில்லை. அந்த நாற்காலியில் பிறகு எவன் உட்காருவான் என்ற கவலை அவருக்கு. வண்டி ஓட்டியது யார் என்று கேட்டதற்கு மேஸ்திரி, "நானேதான் ஓட்டிக்கிட்டு வந்தேன்" என்று கடைசிவரை சாதித்தார். அத்தான் ஜெயிலுக்குப் போகாமல் வீட்டோடு இருந்தது அதனால்தான். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

வருஷங்கள் ஓடின. ஒரு நாள் தாடிக்காரர் ஒருவர் என் கடைக்கு வந்தார். படப்பிடிப்புக்காக ஒரு பழைய மாடல் காருக்கு, மேஸ்திரியின் காரில் இருந்த மாதிரியே சீட் கவர் வேண்டும் என்றார். கறுப்பா இருந்திருக்குமா, சிவப்பா என்று அவர் என்னைக் கேட்க, ரெக்சின் சுருளின் மேலிருந்து "பச்சை" என்று ஒரு குரல் வந்தது. தாடிக்காரர் அந்தப் படத்துக்குக் கதை எழுதுகிறவர். பச்சை என்று சொன்ன ஆளை விடுவாரா? அன்றிலிருந்து வேனின் முன்சீட்டே அவருக்கு வீடு மாதிரி ஆகிவிட்டது.

அத்தானை அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை, வேன் ஏன் லேட் என்பதைத் தவிர. அந்தச் சந்தோஷத்தில் பேசினார். பேசினாலும் யாருக்கும் கெடுதல் இல்லாததாகப் பொறுக்கிப் பொறுக்கித்தான் சொன்னார். மேஸ்திரி எங்கே உட்கார்ந்தாலும் முதலில் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் உட்காருவார், சுவர் பூசிய காலத்துப் பழக்கம். காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிடுவார். ஓயாமல் வேர்க்கடலை உரிப்பார், ஆனால் தின்ன மாட்டார், பக்கத்தில் இருப்பவன் கையில் கொட்டிவிடுவார். ஏன் தின்ன மாட்டார் என்று தாடிக்காரர் கேட்டார். பல் விஷயம் வந்துவிடுமே என்று அத்தான், "அது அப்படித்தான்" என்று மழுப்பினார். சரி, எப்படிப் பிடிபட்டார்? "அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். கதை எழுதுகிற ஆளுக்கு முன்னால் தலையைக் குனியலாமா? தாடிக்காரர் அந்தக் குனிந்த தலையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

படம் வெளியான அன்று குடும்பத்தோடு போனோம். அத்தானுக்குப் புதுச் சட்டை. மேஸ்திரியாக நடித்த ஹீரோ நாற்காலியைத் தடவிவிட்டு உட்கார்ந்தார். அத்தான் என் விலாவில் இடித்தார். ஹீரோ காரில் ஏறிச் செருப்பைக் கழற்றினார். அத்தான் மகள் பக்கம் சாய்ந்து, "நான் சொன்னதும்மா" என்றார். ஹீரோ கடலை உரித்து ஒருவன் கையில் கொட்டினார். அடுத்த காட்சியில் அவன் சாக்கடையில் பிணமாகக் கிடந்தான். "இதை நான் சொல்லலையே" என்று அத்தான் முழித்தார். அதற்குப் பிறகு ஹீரோ கடலையை எடுத்தாலே தியேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அடிக்கப்போகிறவனுக்கு நிஜ மேஸ்திரி கடலையெல்லாம் கொடுத்து மரியாதை செய்ததில்லை, நேராக அடிதான்.

கடைசியில் அந்தப் பாலம் வந்தது. கூழைக்கும்பிடு போடும் வேஷமாகவே நடித்துக்கொண்டிருந்த ஒரு நடிகர்தான் டிரைவர். அத்தானைப் போலவே கால் ஆட்டினார், அத்தானைப் போலவே சாவிக்கொத்தைச் சுழற்றினார். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திச் சாவியை ஆற்றில் எறிந்தார். இரண்டு பக்கமும் போலீஸ். ஹீரோ ஒன்றும் பேசாமல் கடைசிக் கடலையை உரித்து டிரைவரின் கையில் வைத்தார், டிரைவர் கேவிக் கேவி அழுதார். எங்களுக்குப் பின்னாலிருந்து ஒருவர் காது கூசும்படி திட்டினார். அத்தானின் கால் ஆடுவது நின்றுபோயிருந்தது. மகள் திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையில் இருந்த வேன் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அப்பா, நாற்காலியைத் தடவறது நிஜமா?"

"நிஜம்."

"கடலை?"

"உரிச்சுக் குடுக்கறது நிஜம்."

"பாலம்?"

"அது பொய்ம்மா. சத்தியமா பொய்."

"அப்ப அவரு எப்படித்தான் பிடிபட்டாரு?"

அத்தான் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "மத்தது எல்லாம் நிஜம், இது மட்டும் பொய். நான் நம்பணும்" என்றாள். "அவரு நல்லவரு இல்லதான். ஆனா கோள் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. நான் வெயில்ல நின்னேன்பா."

அத்தோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் போவாள், வருவாள், சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைப்பாள், பேச மாட்டாள். நான் கொதித்துப் போய்த் தாடிக்காரரைத் தேடிப் பிடித்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டேன். அவர் அமைதியாக, "கதைக்கு ஒரு முடிவு வேணுமே சார். நிஜத்தை அவரு சொல்லியிருந்தா அதையே எடுத்திருப்போம்" என்றார். அந்த நிஜம் என்ன என்று அப்போது எனக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்குள்ளேயே ஓர் ஓரத்தில் சந்தேகம் இருந்தது.

ஊரில் வேறு கூத்து. மேஸ்திரியைக் கண்ணால் பார்த்திராத பொடி ரவுடிகள்கூடச் சட்டைப்பையில் கடலையோடு திரிந்தார்கள். நிஜத்தைப் பார்த்துப் படம் எடுத்தார்கள், படத்தைப் பார்த்து இவர்கள் நிஜமாகிக்கொண்டிருந்தார்கள். வேனில் பிள்ளைகள் பாலம் வந்தாலே, "அங்கிள், சாவி, சாவி" என்று கூச்சல் போடும். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். பாலத்தைத் தவிர்க்க ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். பெற்றோர்கள் லேட் என்று சண்டைக்கு வந்ததால் மறுபடியும் பாலத்துக்கே வந்தார்.

அந்த நேரத்தில்தான் மேஸ்திரி விடுதலையாகிறார் என்று செய்தி வந்தது. ஜெயிலுக்குள்ளேயே படத்தைப் பார்த்துவிட்டாராம். அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு எங்காவது போய்விடலாம் என்றாள். நான் மாடிக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். தெருவில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் என் தையல் மெஷின் தானாக நின்றுவிடும். இரும்புக்கம்பி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு தைத்தேன். துணியெல்லாம் கோணலாகப் போயிற்று.

அத்தானுக்கும் இருப்பு கொள்ளவில்லை, ஆனால் அது வேறு. தினமும் முகம் மழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தார். தின்கிற சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் எட்டிப் பார்த்தார். "பயமா இல்லையா அத்தான்?" என்று கேட்டேன்.

"எதுக்கு பயம்? நான் பண்ணலைன்னு அவருக்குத்தான் தெரியுமே" என்றார். "நான் சொன்னா அவ நம்ப மாட்டா மச்சான். அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். போதும்."

நாங்கள் கத்தியோடு வருகிறவருக்குப் பயந்து கிடந்தோம். அத்தான் தன் சாட்சிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி ஒரு விடுமுறை நாளில், பட்டப்பகலில் வந்தார். கூட இரண்டு இளைஞர்கள்; ஒருவன் கையில் ஃபோனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டே படியேறினான். நான் கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். எனக்கு முதலில் அவரை அடையாளம் தெரியவில்லை. அந்தக் காலத்தில் கட்டம் போட்ட சட்டையில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது படத்து ஹீரோவைப் போல வெள்ளைச் சட்டை. சாரத்தின் மேல் நிற்கிற ஆளுக்குக் கேட்பதற்காகக் கத்திப் பழகிய தொண்டை, இப்போது ஹீரோவைப் போலத் தாழ்ந்து, நிறுத்தி நிறுத்திப் பேசியது. நாற்காலியைத் தடவினார். பழக்கத்தில் தடவியதாகத் தெரியவில்லை. ஃபோன் வைத்திருந்தவனுக்கு நன்றாகத் தெரியும்படி மெதுவாகத் தடவினார்.

"நல்லா இருக்கியா தம்பி?"

"இருக்கேண்ணே" என்றார் அத்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவரைப் பார்த்ததில் அத்தானுக்கு நிஜமான சந்தோஷம். அக்கா அடுப்படி வாசலில் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். அத்தான் உள்ளே போய் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"எம்பொண்ணு. நீங்க இவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நடந்தது எதுவும் வேண்டாம். நான் உங்களைக் காட்டிக் குடுக்கலை, அதை மட்டும் சொல்லுங்கண்ணே."

மேஸ்திரி பையிலிருந்து கடலையை எடுத்து உரிக்கத் தொடங்கினார். ஃபோனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவருடைய நாக்கு கன்னத்துக்குள் ஒரு பக்கமாகப் போய்த் துழாவியது. பிறகு அத்தானை ஒரு பார்வை பார்த்தார். அதில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. எதற்குக் கெஞ்சுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு தம்பி" என்றார். "உன்னை நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்."

உரித்த கடலையை அத்தானின் உள்ளங்கையில் கொட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். ஃபோன் வைத்திருந்தவன் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அத்தான் "அண்ணே" என்றார். ஒரு தடவைதான். அதற்குள் அவர்கள் படியிறங்கிவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கம்பியை நான் எதற்காக எடுத்து வந்தேனோ அதற்கு இப்போது வேலையே இல்லை. அக்கா, ஆபத்து போயிற்று என்று அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மகள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"குடிங்கப்பா" என்றாள். படம் பார்த்த நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அவர் தண்ணீரை வாங்காமல் நின்றதைப் பார்த்து அவர் தோளில் கை வைத்தாள். "விடுங்கப்பா. அவரே மன்னிச்சிட்டாரு, கோவப்பட நான் யாரு? அப்ப நான் கைக்குழந்தை. எங்களுக்காகத்தானே பண்ணியிருப்பீங்க."

அவர் அவளையே பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. சொல்லிவிடுவார், எதுவாக இருந்தாலும் இப்போது சொல்லிவிடுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா" என்றார். தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றப் போகும்போது நானும் வேனில் ஏறிக்கொண்டேன். அவரைத் தனியாக விட மனசு வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கக் காத்திருந்தபோதுதான் பல் டாக்டர் கதையைச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்று கத்தினேன்.

"அவரு என் பேரைச் சொல்லலையே மச்சான். உள்ள இருந்த அத்தனை வருஷமும் சொல்லலையே" என்றார். "இப்ப அவருகிட்ட என்ன இருக்கு? அந்தப் பாலம் ஒண்ணுதான் இருக்கு. அதையும் பிடுங்கச் சொல்றியா?"

"அதுக்காக நீங்க பண்ணாத தப்பை..."

"அவ எங்கூட பேசறா" என்றார். "காலையில காபி சூடா இருக்கான்னு கேட்டா."

மணி அடித்தது. பிள்ளைகள் பைகளோடு முண்டியடித்துக்கொண்டு ஏறின.

பாலத்தின் நடுவில் நெரிசல், வண்டி நின்றுவிட்டது. வழக்கம்போலப் பின்னாலிருந்து, "அங்கிள், சாவி, சாவி" என்று கூச்சல் கிளம்பியது. நான் திரும்பி அதட்டப் போனேன். அத்தான் என் முழங்காலில் கையை வைத்துத் தடுத்தார். சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, எறிகிற மாதிரி ஓங்கி வீசி, சாவியை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். பிள்ளைகள் சீட்டின் மேல் ஏறி நின்று கை தட்டின.

முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் ஒருத்திக்கு மட்டும் திருப்தி இல்லை. "இப்ப நீங்க அழணும் அங்கிள்" என்றாள். "படத்துல அழுவாரு."

அத்தான் அவளுக்குத் தெரியும்படி முகத்தைத் திருப்பிக் காட்டினார். "நிஜமாவே அழறாரு" என்று அவள் பின்னால் பார்த்துச் சொன்னாள். கைதட்டல் இன்னும் பெரிதாயிற்று.